கன் ஷோவுக்கு முதல்முறை துப்பாக்கி கொண்டு போகிறீர்களா? வீட்டிலேயே தொடங்குங்கள்

2013 ஜனவரி 19, ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் துப்பாக்கி ஆதரவாளர்கள் அதைத் துப்பாக்கியைப் போற்றும் நாளாக அறிவித்திருந்தார்கள். அன்றைக்கே மூன்று மாநிலங்களில், மூன்று கன் ஷோக்களில் (துப்பாக்கி விற்பனைக் கண்காட்சிகளில்), துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஐந்து பேர் காயம் பட்டார்கள். வட கரோலினாவின் ராலேயில், ஒருவர் கொண்டுவந்த 12 கேஜ் ஷாட்கன்னை நுழைவாயில் சோதனையில் காட்டுவதற்காக உறையின் ஜிப்பை இழுக்கும்போதே அது வெடித்து, மூன்று பேர் மேல் ஈயச் சிதறல் பட்டது. ஒஹாயோவின் மெடினாவில் ஒரு வியாபாரி, தான் வாங்கிய பிஸ்டலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) கழற்றியாகிவிட்டது, ஆனால் உள்ளே ஒரு தோட்டா இருந்தது. அது நண்பரின் கையிலும் காலிலும் பாய்ந்தது. இண்டியானாபோலிஸில் ஷோ பார்த்துவிட்டு வெளியே வந்தவர், பார்க்கிங்கில் தன் .45 பிஸ்டலில் மறுபடி தோட்டா போடும்போது தன் கையையே சுட்டுக்கொண்டார்.

வாசல், மேசை, பார்க்கிங். புதிதாகப் போகிறவர்கள் இந்த மூன்று இடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதற்கு முன்னால் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். எச்-1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஃபெடரல் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்புவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் காலி செய்வது

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான். பேச்சுத் துணை வேண்டாம், போன் வேண்டாம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால், டிரிகரில் விரல் படாமல், முனையை ஆள் இல்லாத பக்கம் வைத்துக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பின்னால் இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. ஏன் என்றால், மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் சேம்பரில் (பேரலின் பின்முனையில், சுடப்போகும் தோட்டா உட்காரும் இடத்தில்) இருந்த தோட்டா வெளியே வந்து விழும், நீங்களும் அதைக் கண்ணால் பார்ப்பீர்கள், ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் வைத்துவிடும். பிறகு மேகசினைக் கழற்றினால், தோட்டா விழுந்ததையும் பார்த்தோம், மேகசினும் கையில் இருக்கிறது, இனி காலிதான் என்று முழு மனதோடு நம்புவீர்கள். உள்ளே ஒன்று இருக்கும்.

மேகசின் இல்லாவிட்டால் வெடிக்காது என்று சிலர் சொல்வார்கள். பிரவுனிங் ஹைபவர் போன்ற சில பிஸ்டல்களில் அப்படி ஒரு தடுப்பு உண்டு. க்ளாக் போன்ற பலவற்றில் கிடையாது. அதிலும் க்ளாக்கைப் பிரித்துச் சுத்தம் செய்ய டிரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால், சேம்பரைப் பார்க்காமல் பிரிக்க ஆரம்பிப்பவர்கள் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள்.

ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண் ஏமாறலாம், விரலும் சேர்ந்து சொல்லட்டும்.

ரிவால்வர் சுலபம், உருளையைத் திறந்து எல்லாத் துளையையும் எண்ணிவிடலாம். பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), லிவர் ரைஃபிள் (டிரிகரை ஒட்டிய நெம்புகோலால் ஏற்றுவது) இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலும் பேரலுக்குக் கீழே ஒரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும், வெளியிலிருந்து தெரியாது, சேம்பர் காலியாக இருந்தாலும் அடுத்த இழுப்பில் ஒன்று மேலே ஏறிவிடும்.

காலியானது உறுதி என்றால், ஸ்லைடோ போல்ட்டோ (ரைஃபிளில் சேம்பரை மூடும் பாகம்) மூட முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் டையை (ஒயர் கட்டும் பட்டையை) சேம்பர் வழியாகக் கோத்துக் கட்டிவிடுங்கள். வாசலில் அவர்களே கட்டுவார்களே என்று விடாதீர்கள். ராலேயில் வெடித்தது அந்தச் சோதனை முடிவதற்கு முன்னால்தான்.

2. வாசலில்

உறையைத் திறக்கும்முன் “துப்பாக்கி இருக்கிறது, காலி, டை கட்டியிருக்கிறேன்” என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஜிப்பைத் தொடுங்கள். பையில் உதிரித் தோட்டா எதுவும் கிடக்கக் கூடாது.

3. மேசையில்

கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். விற்பவர் எடுத்துக் கொடுத்தால், அவர் கண் முன்னாலேயே நீங்களும் ஒருமுறை சேம்பரைத் திறந்து பாருங்கள். இதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். அமெரிக்க மரீன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர், 1976இல் அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர், சொல்லிவைத்த நான்கு விதிகளில் முதலாவது, எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருக்கிறது என்பது. அதாவது காலி என்று தெரிந்த பிறகும் அப்படியே நடத்த வேண்டும். டிரிகரை அழுத்திப் பார்க்க ஆசையாக இருந்தால் அனுமதி கேளுங்கள்.

முனையை எங்கே காட்டுவது என்பதுதான் உண்மையான சிக்கல். ஹாலில் நாலு பக்கமும் ஆட்கள், கீழே கான்கிரீட் தரை, குண்டு பட்டால் தெறிக்கும். முழுக்கப் பாதுகாப்பான திசை என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. அதனால்தான் வீட்டில் செய்யும் வேலையை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

குழந்தைகளை அழைத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். போனால் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள், சுட்டுப் பார்க்க விடவே விடாதீர்கள். 2008 அக்டோபர் 26, மாசசூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் நடந்த இயந்திரத் துப்பாக்கி நிகழ்ச்சியில் எட்டு வயதுப் பையன் கையில் மைக்ரோ உஸி (Micro Uzi) என்ற சிறிய இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டவருக்கு வயது 15. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் தோட்டா தள்ளும் வேகத்தில் துப்பாக்கி மேல்நோக்கி எகிறித் திரும்பி, குண்டு அவன் தலையிலேயே பாய்ந்தது. பையன் இறந்துபோனான். அப்பா சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

4. பார்க்கிங்கில்

களைப்பாக இருக்கும், வாங்கிய பொருளைப் பார்க்கும் ஆசையும் இருக்கும். காருக்குள் வைத்துப் பிரிக்காதீர்கள், தோட்டா போடாதீர்கள், கட்டிய டையையும் வெட்டாதீர்கள். எல்லாம் உறையில், டிக்கியில், தோட்டாப் பெட்டி தனியாக. வீட்டுக்கு வந்து, டையை வெட்டியதும், புதிதாக வாங்கியதோ பழையதோ, முதலில் மேகசின், அப்புறம் ஸ்லைடு, அப்புறம் சேம்பரில் விரல்.