மாருதி 800 கதவின் அடித்துரு: பட்டி கடைசியில்தான்

பழைய மாருதி 800-இல் கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்புளித்தால், துரு பெரும்பாலும் உள்ளேயிருந்து வந்திருக்கும். கண்ணாடி பீடிங் (விளிம்பு ரப்பர்) வழியாக இறங்கும் மழைநீர் அடியிலுள்ள சிறு ஓட்டைகள் வழியே வடிய வேண்டும். மண் அடைத்தால் தகட்டு மடிப்பில் தேங்கி அரிக்கும். அதனால் முதலில் டிரிம்மை (கதவின் உட்பக்க அட்டை) கழற்றி, ஓட்டைகளைக் கம்பியால் குத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஸ்குரூடிரைவர் முனையால் குத்திக்கொண்டே போங்கள். கொப்புளம் ஒரு ரூபாய் அளவு இருந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். கெட்டித் தகடு வந்தபின் இன்னும் 2 செ.மீ. தாண்டி வெட்டுங்கள். இங்கே கஞ்சத்தனம் செய்தால் வெல்டிங் வைத்த இடமே ஓட்டையாகும்.

வெட்டிய இடத்தில் வைக்கும் ஒட்டுக்கு 0.8 மி.மீ. சி.ஆர். (பூச்சில்லாத சாதா இரும்பு) தகடு போதும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய தகடு) வேண்டாம், துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது. பேட்டரியைக் கழற்றி, பொறி பட்டால் புள்ளி விழும் என்பதால் கண்ணாடியை ஈரச்சாக்கால் மூடுங்கள். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வரும் மின் வெல்டிங்) 2–3 செ.மீ. இடைவெளியில் பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடம் மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒரே இழுப்பாக ஓட்டினாலோ கேஸ் வெல்டிங் வைத்தாலோ தட்டையான தகடு அப்பளமாக நெளியும். பிறகு அதைப் பட்டியால்தான் (பள்ளம் நிரப்பும் பசை) மறைக்க வேண்டியிருக்கும்.

மிஞ்சிய துருப்புள்ளிகளுக்கு பாஸ்பாரிக் அமிலக் கரைசல். கறுத்ததும் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அமிலம் தங்கினால் அதன்மேல் அடிக்கும் எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) உரிந்துவிடும். பிரைமர் ஒட்டின் உட்புறத்துக்கும் வேண்டும். பல பட்டறைகளில் விட்டுப்போவது இதுதான்.

பட்டி 3 மி.மீ. தாண்டக் கூடாது. 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் (பட்டியை இறுக வைக்கும் பசை) சுமார் 2 கிராம். கூடினால் நிறம் பெயிண்டுக்கு மேலே கசியும். 80, 180, 320 எண் எமரித்தாள்களால் வரிசையாக, உலர்வாகவே தேயுங்கள், பட்டி தண்ணீரை உறிஞ்சும். அன்றே சர்ஃபேசர் (பெயிண்டுக்கு முந்தைய பூச்சு) அடித்து மூடிவிடுங்கள். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) அதற்குப் பிறகு.

மடிப்பில் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை), பெயிண்ட் காய்ந்தபின் உள்ளே கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு). முன்கூட்டி வேக்ஸ் அடித்தால் பெயிண்டில் மீன்கண் போலக் குழி விழும். டிரிம்மின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி எறியாமல் திரும்ப ஒட்டுங்கள். அது இல்லையென்றால் தண்ணீர் காருக்குள் இறங்கி, அடுத்து தரைத்தகடு அரிக்கும்.