நெல்லுல இலை சுருட்டு: அவசரப்பட்டு பண்ற தப்புங்க

சம்பா நட்டு 25 நாள்ல வயல்ல வெள்ளைக்கோடு தெரிஞ்சா மன்னார்குடி பக்கம் எல்லாரும் நேரா மருந்துக்கடைக்குத்தான் போறோம், பெரிய தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. அந்துப்பூச்சி இலையில முட்டை போடும், அதுல வர்ற பச்சைப்புழு இலையை நீளவாக்குல மடிச்சு நூல் கட்டி உள்ள உக்காந்து பச்சையத்தை சுரண்டித் திங்கும், பார்க்க பயமாத்தான் இருக்கும், ஆனா தூர் கட்டுற வயசுல பயிரு புது இலை விட்டு ஈடுகட்டிக்கும். வியட்நாம் மீகாங் டெல்டால 1990கள்ல விதைச்சு 40 நாள் வரைக்கும் பூச்சிமருந்தே வேணாம்னு விவசாயிங்க செஞ்சு பாத்தாங்க, மகசூல் குறையல.

நம்ம வேளாண் பல்கலைக்கழகக் கணக்குல தூர் கட்டுறப்ப நூத்துக்கு 10 இலை சேதம், பூக்கிறப்ப கண்ணாடி இலையில, அதாவது கதிரை ஒட்டி வர்ற கடைசி இலையில, நூத்துக்கு 5, அதைத் தாண்டினாத்தான் மருந்து. நெல்மணி பால் பிடிக்கிறதுல கண்ணாடி இலைக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனால கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடி தொண்டைக்கதிர்ல இருந்து கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்கணும், நாமளோ அதுக்குள்ள ரெண்டு தடவை அடிச்சு காசை முடிச்சிருப்போம்.

இன்னொண்ணு, வரப்புல நின்னு முடிவு பண்ணாதீங்க. தென்னை நிழல் விழுற ஓரத்துல சுருட்டு எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும், அதை மட்டும் பாத்துட்டு மூணு மா நிலத்துக்கும் டேங்க் டேங்கா அடிக்கிறாங்க. உள்ள இறங்கி அஞ்சாறு இடத்துல குத்து குத்தா எண்ணிப் பாருங்க. வரப்புப் புல்லுலயும் இந்தப் புழு வளரும், அதை செதுக்கிடுங்க.

யூரியா விஷயம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். மழை விட்டதும் மொத்தமா வீசிட்டு பயிரு கருகருன்னு நிக்குதுன்னு சந்தோஷப்படுறோம், அந்த கரும்பச்சைக்குத்தான் பூச்சி கூடி வருது. மூணு நாலு தடவையா பிரிச்சுப் போடுங்க.

புழு சாகலன்னு போய் நின்னா கடைக்காரர் சொல்ற பைரித்ராய்டு மருந்தை அடிச்சா பூச்சியை அழிக்கிற சிலந்தி, குளவி எல்லாம் போயிடும், பின்னாடியே சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி வந்து பயிரு வட்டம் வட்டமா காஞ்சுபோகும், இதுல சுருட்டே தேவலாம்னு ஆயிடும்.

தண்ணிய வடிச்சா சுருட்டு போயிடும்னு சிலர் சொல்றாங்க, அது கூண்டுப்புழுவுக்கு. அது இலை நுனியை வெட்டி குழாய் பண்ணி தண்ணியில மிதக்கும், சுருட்டுப்புழு இலையை விட்டு இறங்காது.

அந்துப்பூச்சி முட்டையை அழிக்கிற டிரைக்கோகிரம்மாங்கிற குட்டிக் குளவியோட முட்டை அட்டை வாங்குறவங்க நட்ட 37, 44, 51ஆம் நாள்ல ஏக்கருக்கு 2 சிசி அளவு முட்டை இருக்கிற அட்டையைக் கட்டுங்க. கட்டிட்டு மறுநாளே மருந்து அடிச்சா அந்தக் குட்டிக் குளவிங்கதான் முதல்ல சாகும்.