டஸ்ட் என்று திரும்பி வந்த பரிவர்த்தனை

பிட்காயின் வலையமைப்பில் இணையும் மென்பொருளான பிட்காயின் கோரை வைத்து நான் எழுதிய சின்ன நிரலில், பணம் அனுப்பியபின் மீதி 400 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு), 1 என்று தொடங்கும் பழைய வகை முகவரிக்குப் போகும்படி இருந்தது. அனுப்பினால் 'டஸ்ட்' என்று ஒரே சொல்லில் மறுப்பு, அதாவது செலவழிக்கவே கட்டாத தூசித் தொகை. முதலில் பிட்காயின்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில், டஸ்ட் எல்லையைத் தீர்மானிக்கும் டஸ்ட்ரிலேஃபீயைக் குறைத்தேன், என் நோடு (வலையமைப்பில் இணைந்த என் கணினி) உடனே ஏற்றுக்கொண்டது, ஆனால் மற்ற நோடுகள் இயல்பு அளவிலேயே இருப்பதால் வாங்கிக்கொள்ளவில்லை, இரவு முழுக்க, உறுதியாகாத பரிவர்த்தனைகள் காத்திருக்கும் என் மெம்பூலிலேயே கிடந்தது.

சரி என்று கணக்கைப் பார்த்தேன். பரிவர்த்தனையில் அந்த மீதிக்கான துண்டு 34 பைட், பின்னால் அதைச் செலவழிக்க வேண்டிய 148 பைட், ஆக 182. பைட்டுக்கு 3 சடோஷி வீதம் 546. அதுதான் எல்லை! bc1q என்று தொடங்கும் புதிய வகை பிசி1க்யூ முகவரி என்றால் 294 போதும், என் 400 தாராளமாகப் போயிருக்கும்.

அமைப்பைப் பழையபடி வைத்துவிட்டு, மீதிக்குப் பிசி1க்யூ முகவரி கொடுத்தேன். 294-க்குக் கீழே வந்தால் மீதித் துண்டையே உருவாக்காமல் கட்டணத்தோடு சேர்த்துவிடுகிறது நிரல். கட்டணத்தையும் நிலையாக எழுதி வைக்கவில்லை, மெம்பூல் நிரம்பினால் குறைந்தபட்சம் ஏறிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் கெட்மெம்பூல்இன்ஃபோ கட்டளை தரும் மெம்பூல்மின்ஃபீயை, அதாவது அப்போதைய குறைந்தபட்சக் கட்டண வீதத்தைப் பார்த்து அதற்குக் குறையாமல் வைக்கிறேன்.