ஆக்கிரமிப்பில் உள்ள நகரில் தாக்குதல் நிகழ்ந்தால் படைத்தலைமை செய்ய வேண்டியவை

நகரொன்றைத் தன் பிடியில் வைத்திருக்கும் படையின் மீது குண்டுவெடிப்போ பதுங்கித் தாக்குதலோ நிகழ்ந்ததும், தளபதி முதலில் அடக்க வேண்டியது தன் வீரர்களின் சீற்றத்தையே. தாக்கியவர்கள் எதிர்பார்ப்பதும் அந்தச் சீற்றத்தைத்தான். கண்மூடித்தனமாகச் சுடும் படை, அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பங்களையும் கிளர்ச்சியாளர்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே, காயமுற்றோர் எத்தரப்பினராயினும் உடனே சிகிச்சைக்கு அனுப்பி, இடத்தைச் சுற்றிவளைத்துத் தடயங்களைக் காத்து, தாக்கியவர் யாரென்று உறுதிப்படும் வரை துப்பாக்கிப் பிரயோகத்தைத் தற்காப்பு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டுத் தண்டனையை, போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 33ஆம் பிரிவிலும், பணயக்கைதி பிடிப்பதை 34ஆம் பிரிவிலும் தடை செய்கிறது. சந்தேக நபர் கிடைக்கவில்லை என்பதற்காக அவருடைய சகோதரரைப் பிடித்து வைப்பதையும், தண்டனையாக ஒரு பகுதியின் தண்ணீரை நிறுத்துவதையும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவிக்கும் இடத்தில் போருக்குப் பழகிய வீரர்களை முன்னிறுத்துவது பெருந்தவறு. ஈராக்கின் ஃபலூஜாவில், பள்ளிக் கட்டடத்தில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்ததை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது 2003 ஏப்ரல் 28 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். கூட்டத்திலிருந்து முதலில் சுட்டார்கள் என்றது படை. ஊர் மக்கள் அதை மறுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே நகரில் இருமுறை பெரும்போர் மூண்டது. பள்ளிகளில் முகாமிடாதீர்கள், கூட்டத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற உள்ளூர்க் காவலர்களை முன்னே வையுங்கள், ஊர்ப் பெரியவர்களோடு பேச்சு அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைது செய்யப்பட்டவரின் பெயரையும் நேரத்தையும் பதிந்து, குடும்பத்தாருக்குத் தெரிவியுங்கள். தடுப்புக் காவலை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையையும், இயன்றவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனையையும் அதே உடன்படிக்கையின் 78ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. சித்திரவதைக்கு இடமே இல்லை. 1957இல், பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படை அந்த வழியையும் கையாண்டு கிளர்ச்சி வலைப்பின்னலை உடைத்தது. ஆனால் அந்தக் கொடுமை பிரான்சிலேயே போருக்கு எதிரான குரல்களை வலுப்படுத்தியது, 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது.

ஊரடங்கு விதித்தால் அதன் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, உணவு வாங்கவும் மருத்துவமனை செல்லவும் வழி விடுங்கள். நகராட்சி ஊழியர்களின் சம்பளம் தடைபடக் கூடாது. உங்கள் வீரர் பொதுமக்களில் ஒருவரைக் கொன்றதாகப் புகார் வந்தால், அந்த அணியோடு தொடர்பற்ற அதிகாரியைக் கொண்டு விசாரித்து, முடிவை அந்த மக்களின் மொழியிலேயே வெளியிடுங்கள்.