பழைய ஸ்கூபா சிலிண்டர்: வால்வு உள்ளே போனால் மரை பொருந்திவிட்டதாகாது

நீருக்கடியில் மூச்சுவிடக் காற்று நிரப்பிக் கொண்டுபோகும் ஸ்கூபா சிலிண்டரைப் பழையதாக, மலிவாக வாங்குகிறவர்கள் துருவைப் பார்க்கிறார்கள், பெயின்டைப் பார்க்கிறார்கள், கடைசி அழுத்தச் சோதனை எந்த ஆண்டில் நடந்தது என்று பார்க்கிறார்கள். கழுத்தில் உள்ள மரையின் அளவை மட்டும், கைக்குக் கிடைத்த வால்வைத் திருகிப் பார்த்தே தீர்மானித்துவிடுகிறார்கள். உயிருக்கே உலை வைக்கும் தவறு இதுதான்.

ஐரோப்பாவில் இன்று பரவலாக இருப்பது எம்25×2 என்ற மரை. விட்டம் 25 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 2 மி.மீ. அமெரிக்காவின் 3/4 அங்குல என்பிஎஸ்எம், பிரிட்டனின் பழைய 3/4 அங்குல பிஎஸ்பி ஆகிய இரண்டு மரை வகைகளின் விட்டமும் 26 மி.மீ.க்குச் சற்று மேல். அதனால் 3/4 அங்குலக் கழுத்துக்குள் எம்25 வால்வு தாராளமாக இறங்கும். கையாலேயே சில சுற்றுகள் ஓடும். வால்வின் மரை இடைவெளி 2 மி.மீ., கழுத்தின் மரை இடைவெளி 1.81 மி.மீ. என்பதால் பிறகு எங்கோ இறுகும். அந்த இறுக்கம்தான் ஏமாற்றுகிறது. பிஎஸ்பி கழுத்தின் உள்மரை முகடுகளுக்கு இடையே உள்ள விட்டம் சுமார் 24.1 மி.மீ.; 25 மி.மீ. வால்வு அதில் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பிடித்திருக்காது. 200 பார் அழுத்தத்தில் வால்வை வெளியே தள்ளும் விசையோ ஏறத்தாழ 1 டன். நிரப்பும்போது ஓரளவு வரை தாங்கிவிட்டு, பிறகு பிய்த்துக்கொண்டு பறக்கும். மாறாக, 3/4 அங்குல வால்வு எம்25 கழுத்துக்குள் நுழையவே நுழையாது. அந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து இல்லை.

அடுத்த தவறு, மரை இடைவெளியைக் காட்டும் மரை கேஜை வைத்து எண்ணிவிட்டு, “அங்குலத்துக்கு 14, அப்படியானால் 3/4 என்பிஎஸ்எம்” என்று முடிவு கட்டுவது. பழைய சிலிண்டர்களில் இந்த 14-ஐக் கொண்ட மரை வகைகள் ஒரு பெருங்கூட்டம். 3/4 என்பிஎஸ்எம், 3/4 பிஎஸ்பி, 1/2 என்பிடி, 7/8 யுஎன்எஃப், ஐரோப்பியக் கூம்பு மரையான 25இ ஆகிய அத்தனைக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். கேஜ் எம்25-ஐப் பிரித்துக் காட்டும். மற்றவற்றைப் பிரிக்க விட்டமும் வடிவமும் வேண்டும். அப்போதும் என்பிஎஸ்எம், பிஎஸ்பி இரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. மரைக் கோணம் மட்டும் முன்னதில் 60 பாகை, பின்னதில் 55 பாகை. ஒன்றில் மற்றொன்று இறங்கிவிடுகிறது என்பதற்காக மாற்றிப் போடுவது சரியாகாது.

அளவின் பெயரை அப்படியே நம்பி அளப்பவர்களும் குழம்புவார்கள். 1/2, 3/4 என்பவை குழாய்க் கணக்கில் வந்த பெயர்கள். வெர்னியர் காலிப்பரில் அந்த எண்கள் வரவே வராது. 1/2 அங்குல என்பிடி குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. ஆனால் 7/8 யுஎன்எஃப் உண்மையாகவே 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது. வால்வின் மரைத் தண்டை மேலும் கீழும் இரண்டு இடங்களில் அளந்தால் குழப்பம் தீரும். என்பிடி கூம்பு மரை, கீழே குறுகும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு இடமிருக்காது, மரையில் டெஃப்ளான் டேப்பின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். நேர் மரைச் சிலிண்டரின் கழுத்து வாயில் ஓ-ரிங் உட்காரும் வழவழப்பான பள்ளம் தெரியும்.

தோளில் உள்ள முத்திரைகளைப் படிப்பது நல்லது. அவை சொல்லாததையும் சேர்த்துப் படிப்பதுதான் கெடுதல். ஐசிசி அல்லது டிஓடி என்று இருந்தால் அமெரிக்க விதிப்படி செய்த சிலிண்டர், 3ஏஏ என்றால் எஃகு, 3ஏஎல் என்றால் அலுமினியம். மரை என்ன என்பதற்கு இவை சாட்சி ஆகா. 1950களின் அமெரிக்க எஃகுச் சிலிண்டரில் 1/2 என்பிடி இருக்கலாம். 1980களில் வந்த 3500 பிஎஸ்ஐ எஃகுச் சிலிண்டரில் 7/8 யுஎன்எஃப் இருக்கலாம். மரை அளவே பொறிக்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பொறிப்பு சிலிண்டரின் மீதா, வால்வின் மீதா என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய சிலிண்டரில் இருப்பது அதனுடன் பிறந்த வால்வாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல சிலிண்டர்களைச் சேர்த்துக் கழற்றும் பட்டறையில் வால்வுகள் இடம் மாறிவிடும். கழற்றும்போதே சீட்டுக் கட்டி வைக்கிற பட்டறையை நம்பலாம்.

மரை என்ன என்று கேட்டால் ‘டின்’ அல்லது ‘யோக்’ என்று பதில் சொல்பவர்களும் உண்டு. அது, மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரை வால்வில் மாட்டும் வாயின் கதை. கழுத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கழற்றும் முன் சிலிண்டர் காலியா என்று உறுதிசெய்ய வேண்டும். வால்வைத் திறந்தும் காற்று வரவில்லை என்பது போதாது. துரு அடைத்திருந்தாலும் வராது. சந்தேகம் இருந்தால் பட்டறையிடம் ஒப்படைத்துவிடுவதே புத்திசாலித்தனம். கழுத்தைச் சரிபார்க்க அவர்களிடம் ‘போகும், போகாது’ என்று இரு முனை கொண்ட பிளக் கேஜ் இருக்கும்.

1/2 என்பிடி சிலிண்டருக்கு நல்ல வால்வு கிடைக்கவில்லை என்று கழுத்தைக் குடைந்து 3/4 மரை வெட்டித் தர முன்வரும் லேத்காரர் இருந்தால், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டி எடுப்பது, அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கழுத்தின் உலோகத்தையே.