விண்டோஸ் 11 படுத்துவிடுவதற்கு முன்: மீட்பு வசதிகளை அமைப்பது எப்படி?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய இரவு, எட்டாவது மாடி அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பழைய பிரிண்டருக்காக அவருடைய மகன் எங்கிருந்தோ ஒரு டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, இறக்கி நிறுவியிருந்தான். அதிலிருந்து விண்டோஸ் திறக்கவே இல்லை. "முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன் தம்பி, சீக்கிரம் பார்த்துக் கொடுங்கள்" என்றார்.

சீக்கிரம் நடக்கவில்லை. சரிசெய்யப் போனால் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. நள்ளிரவுக்குமேல் சாவி கிடைத்தது. ஆனால் திரும்பிப் போவதற்கு மீட்புப் புள்ளி, அதாவது கணினியின் பழைய நிலையைச் சேமித்து வைத்த பதிவு, எதுவும் இல்லை. கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மறுபடி நிறுவினோம். படங்கள் தப்பின. தமிழ்த் தட்டச்சு உட்பட அவர் நிறுவியிருந்த மென்பொருள்கள் அத்தனையும் போயின.

அதனால்தான் பலரும் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்கிறேன்.

படி 1: சாவியை எழுதி வையுங்கள்

செட்டிங்ஸ் திறந்து, 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய பல புதிய கணினிகளில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலேயே விழுந்திருக்கும். திருடு போனால் நல்லது, பழுதானால் தலைவலி.

கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்துக்குப் போய், சாதனங்கள் பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பூட்டுக்கான சாவி, 'பிட்லாக்கர்' மீட்புச் சாவி என்ற பெயரில் அங்கே இருக்கும்: ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். ஒரே கணக்கில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால், ஒவ்வொரு சாவிக்கும் உரிய அடையாள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தாளில் எழுதி, கடப்பிதழும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் கோப்பில் வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல.

படி 2: மீட்புப் புள்ளி

பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கும். ஸ்டார்ட் தேடல் பெட்டியில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். சிறு பெட்டி ஒன்று திறக்கும். கீழே உள்ள பட்டியலில் சி டிரைவுக்கு நேரே 'ஆஃப்' என்றிருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். 'டர்ன் ஆன் சிஸ்டம் புரொடெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்து, இடம் ஒதுக்கும் கம்பியை 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். ஓகே கொடுங்கள்.

இப்போது 'கிரியேட்'. ஒரு பெயர் கேட்கும். 'டெஸ்ட்' என்று வைக்காதீர்கள். 'பிரிண்டர் நிறுவும் முன்' என்பதுபோல வையுங்கள். சில வாரம் கழித்து அவசரத்தில் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இது கணினியின் அமைப்புகளையும் டிரைவர்களையும் மென்பொருள்களையும்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். தவறுதலாக அழித்த கல்யாணப் படங்களைத் திருப்பித் தராது. அவற்றுக்குத் தனியாக ஒரு வெளிவட்டில் நகல் எடுத்துத்தான் ஆகவேண்டும். புள்ளிகள் நிரந்தரமும் அல்ல: ஒதுக்கிய இடம் நிறைந்தால் பழையவை தாமாக அழியும். ஆகவே எதையாவது புதிதாக நிறுவும் முன் கையாலேயே ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: மீட்பு தம்ப்டிரைவ்

32 ஜிபி தம்ப்டிரைவ் ஒன்று போதும். தேக்கா பக்கம் போகும்போது முஸ்தபா கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பழையது என்றால் உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள், எல்லாம் அழிக்கப்படும். தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று கொடுத்து, அமைப்புக் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் குறியிட்டு, தொடருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்துவிட்டுக் கீழே காப்பிக் கடைக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிப்பது நல்லது.

படி 4: ஒத்திகை

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரை வரும், பயப்பட வேண்டாம். 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. அங்கே மீட்புப் புள்ளிக்குத் திரும்ப உதவும் 'சிஸ்டம் ரெஸ்டோர்' இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தாமல் பின்னோக்கி வந்து, 'கன்டினியூ' கொடுத்தால் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கும். விண்டோஸே திறக்காத நாளில், தொடர்ந்து இரண்டு மூன்று முறை தோற்றபின் கணினி பெரும்பாலும் தானே இந்தத் திரைக்கு வந்துவிடும். அதுவும் வராவிட்டால்தான் தம்ப்டிரைவைச் செருகி அதிலிருந்து தொடங்க வேண்டும்.

தம்ப்டிரைவில் தேதியும் கணினியின் பெயரும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். எட்டாவது மாடி அக்கா 'யாரும் தொடக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார். மகன் அதில் படம் ஏற்றிவிடுவானாம்.