பக்கற் ஃபிலிமின் மெல்லிய பூச்சு: தெரிந்து வாங்குவதும் வீட்டில் சோதிப்பதும்

கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு, அம்பாறைக் கடைகளில் தொங்கும் மிக்சர், முறுக்கு, வறுத்த கச்சான் பக்கற்றுகள் எல்லாம் நமுக்கத் தொடங்கும். சனம் செய்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லும். பல நேரம் பிழை இருப்பதோ பையில். களுவாஞ்சிகுடியிலோ நிந்தவூரிலோ வீட்டில் சாமான் செய்து பக்கற் போட்டு விற்பவர், தன் பை எவ்வளவு ஈரத்தை உள்ளே விடுகிறது என்பதைத் தானே அளந்து பார்க்கலாம். அதற்கு ஒரு சின்னத் தராசு போதும். பை செய்யும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான ஃபிலிமில் ஏற்றும் பூச்சு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, அந்த அளவை வரை இங்கே போவோம்.

படி 1: உங்கள் சாமானைக் கெடுப்பது எது?

முறுக்கு, மிக்சர், வறுத்த மா ஆகியவற்றைக் கெடுப்பது முதலில் ஈரம். மரமுந்திரிகைப் பருப்பு, கச்சான், கொழுப்புள்ள மீன் கருவாடு இவற்றுக்கு ஒட்சிசனும் வெளிச்சமும் சேர்ந்து காறலை உண்டாக்கும். மிளகாய்த்தூள் வெளிச்சத்தில் நிறம் மங்கும், வாசமும் வெளியே போய்விடும். இதைத் தீர்மானிக்காமல் "நல்ல பை தாங்க" என்று கேட்டால், கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார்.

படி 2: பூச்சில்லாத ஃபிலிம் எவ்வளவு தாங்கும்?

சாதாரண பொலித்தீனும், பளபளவென்று இருக்கும் பிஓபிபி (BOPP, இழுத்து நீட்டிய பொலிப்புரொப்பிலீன்) ஃபிலிமும் ஈரத்தை ஓரளவு நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒட்சிசனுக்கு அவை திறந்த கதவு. 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புள்ள பிஓபிபி ஊடாக ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 1500 கன சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ ஒட்சிசன் போகும். 12 மைக்ரோன் பெட் (PET, சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்) ஃபிலிமில் அது சுமார் 100தான், ஆனால் ஈரத்தை பெட் அதிகம் விடும். இப்படி ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. பூச்சு அந்தக் குறையை நிரப்ப வந்தது.

படி 3: பூச்சு வகைகளை அடையாளம் காணுங்கள்

நம் ஊரில் "சில்வர் பேக்" என்று கேட்பதில் பெரும்பாலானவை அலுமினியப் பூச்சு ஏற்றிய ஃபிலிம். வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை உருக்கி ஆவியாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் ஃபிலிமில் படியவிடுவார்கள். படியும் தடிப்பு சுமார் 30 முதல் 50 நனோமீற்றர். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய படை பெட் ஃபிலிமின் ஒட்சிசன் அளவை 100இலிருந்து 1 அல்லது 2க்கு இறக்கிவிடும். ஈரமும் வெளிச்சமும்கூடப் பெருமளவு தடைப்படும். அதே நிறத்தில் உண்மையான அலுமினியத் தகடு ஒட்டிய பையும் உண்டு. அதன் தடிப்பு பொதுவாக 7 முதல் 9 மைக்ரோன், விலையும் கூட. டோர்ச்சை ஒட்டிப் பிடித்தால் பூச்சுப் பையில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும், தகட்டுப் பையில் அநேகமாகத் தெரியாது.

முந்திரிகைப் பருப்பைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்றால் தெளிவான பூச்சு தேவை. சிலிக்கன் ஒட்சைட்டு, அலுமினியம் ஒட்சைட்டுப் பூச்சுகள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தபடியே ஈரத்தையும் ஒட்சிசனையும் தடுக்கும். பிவிஓஎச் (PVOH) பூச்சும் ஈவிஓஎச் (EVOH) படையும் வேறு பிளாஸ்டிக் வகைகள்; அவை உலர்ந்த காற்றில் ஒட்சிசனைப் பிரமாதமாகத் தடுக்கும், ஈரம் ஏறினால் தளர்ந்துபோகும். அவற்றை இரு பக்கமும் பொலித்தீன் போன்ற படைகளுக்கு நடுவே வைத்துச் செய்திருந்தால் மட்டுமே மாரியில் நம்பலாம். பிவிடிசி (PVDC) என்ற பிளாஸ்டிக் பூச்சு ஈரம், ஒட்சிசன் இரண்டுக்கும் நல்லது. ஆனால் அதில் குளோரின் இருக்கிறது, எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். குப்பையை வளவுக்குள் எரிக்கும் பழக்கம் இன்னும் போகாத இடங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கருவாடு போடுபவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். உப்பும் ஈரமும் பட்டால் அலுமினியப் பூச்சு அரிக்கும். அதனால் பூச்சு உள்பக்க மேற்பரப்பில் இல்லாமல் படைகளின் நடுவில் இருக்கவேண்டும். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. சரியாகக் காயாத, உப்புக் குறைந்த மீனைக் காற்று போகாத பையில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் பொட்டுலிசம் என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சை உண்டாக்கும் பக்டீரியா வளரும்.

படி 4: மேற்பரப்பு பதப்படுத்தியதா?

கொரோனா ட்ரீட்மன்ட் என்று ஃபிலிம் விற்பவர்கள் சொல்வது, உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தால் ஃபிலிமின் தோலில் ஒட்சிசன் கொண்ட அணுக்கூட்டங்களை ஏற்றுவது. பலர் அதுவே ஈரத்தைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். அது எதையும் தடுக்காது. மையும் பசையும் பூச்சும் பிடிப்பதற்கு மேற்பரப்பைத் தயார் செய்கிறது, அவ்வளவுதான். பதப்படுத்தாத பிஓபிபியின் மேற்பரப்புச் சக்தி, அதாவது மை, பசை பிடிக்கும் தன்மையின் அளவு, சென்ரிமீற்றருக்கு சுமார் 30 டைன். பதப்படுத்தியபின் 38க்கு மேல் இருக்கவேண்டும்.

இந்த அளவைச் சோதிக்கும் டைன் பேனை கிடைத்தால் 38 எண் பேனையால் கோடு போடுங்கள். கோடு 2 செக்கன் உடையாமல் நின்றால் சரி, மணிமணியாகச் சுருண்டால் பதம் இல்லை. பேனை இல்லாவிட்டால் ஃபிலிமின் இரு பக்கமும் ஒவ்வொரு தண்ணீர்த் துளி விடுங்கள். கொஞ்சம் பரந்து படுக்கும் பக்கம் பதப்படுத்திய பக்கம். இந்தப் பதம் நாளாக நாளாக இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த ரோலை மலிவாகத் தந்தால், அச்சடிக்க முதல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

படி 5: பூச்சு நிற்கிறதா?

செலோடேப்பைப் பூச்சுப் பக்கத்தில் அழுத்தி ஒட்டி, படக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளி நிறம் வந்தால் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் பையின் ஒரு துண்டைக் கையால் நன்றாகக் கசக்கி, விரித்து, இருட்டில் டோர்ச்சுக்கு முன்னால் பிடியுங்கள். மடிப்புக் கோடுகளில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். லொறியில் குலுங்கிக் கொழும்பு போகும் பையில் இதேதான் நடக்கும். மெல்லிய பூச்சின் பெரிய பலவீனம் மடிப்பு.

படி 6: தராசுச் சோதனை

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

தேவையானவை: 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு, சிலிக்கா ஜெல், நீங்கள் ஒப்பிட விரும்பும் பைகள், கொஞ்சம் கண்ணாடிப் போளைகள். நீலநிற ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும், சாப்பாட்டுச் சாமான் உள்ள இடத்தில் வேண்டாம். வெள்ளை அல்லது செம்மஞ்சள் ஜெல்லை எடுங்கள்.

ஜெல்லை ஓவன் அடுப்பில் 120 பாகை செல்சியசில் 2, 3 மணித்தியாலம் வைத்து, மூடிய போத்தலில் ஆறவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் 30 கிராம் போட்டு உடனே சீல் பண்ணுங்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது இரண்டு பை, அதோடு ஜெல்லுக்குப் பதில் போளை போட்ட ஒரு பை. போளைப் பையின் எடை கூடினால் அது பையின் வெளியே படிந்த ஈரம். அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழிக்கவேண்டும். எல்லாவற்றையும் நிறுத்து எழுதிவிட்டு, வெயில் படாத இடத்தில், இரு பக்கமும் காற்றுப் படும்படி கயிற்றில் தொங்கவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள்.

உதாரணமாக, பை 15க்கு 20 சென்ரிமீற்றர் என்றால் இரு பக்கமும் சேர்த்து 0.06 சதுர மீற்றர். 7 நாளில் 0.84 கிராம் கூடியிருந்தால் நாளுக்கு 0.12 கிராம், அதாவது சதுர மீற்றருக்கு 2 கிராம். 100 கிராம் மிக்சரில் 2, 3 கிராம் ஈரம் ஏறினாலே மொறுமொறுப்பு போய்விடும். 2 கிராம் என்று வைத்தால் இந்தப் பை ஏறக்குறைய 17 நாள் தாங்கும். இன்னொரு பை 7 நாளில் 0.14 கிராம் மட்டும் எடுத்திருந்தால் 100 நாள். இப்போது விலை வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள். இரண்டு கிழமைக்குள் விற்றுத் தீரும் சாமானுக்கு விலை கூடிய பை வீண்செலவு. ஜெல் 3 கிராமுக்கு மேல் ஈரம் எடுத்தபின் வரும் அளவை நம்பவேண்டாம், அது நிறையத் தொடங்கிவிட்டது.

சோதனையை மார்கழியில் செய்யுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது காற்றே உலர்ந்து கிடக்கும், எந்தப் பையும் நல்லதாகத் தெரியும். ஃபிலிம் விற்பவர் தரும் தாளில் உள்ள, ஈரம் புகும் அளவின் எண் பெரும்பாலும் 38 பாகை, 90 சதவீத ஈரப்பதனில் எடுத்தது. உங்கள் எண் அதைவிடக் குறைவாகத்தான் வரும். இரண்டையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், பைக்குப் பை ஒப்பிடுங்கள்.

படி 7: சீல்

பூச்சு எவ்வளவு நல்லதானாலும் சீலில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் பயனில்லை. மிளகாய்த்தூளும் எண்ணெய்யும் சீல் விழும் இடத்தில் பட்டால் ஒட்டாது. புனல் வைத்து நிரப்பி, வாயைத் துணியால் துடைத்துவிட்டு அழுத்துங்கள். பையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கையால் அழுத்தினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். குமிழி சீல் கோட்டிலிருந்து வந்தால் மிஷினின் சூட்டையும் அழுத்தும் நேரத்தையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பையின் உடம்பிலிருந்து வந்தால் அந்த ரோலைத் திருப்பிக் கொடுங்கள்.